கப்பல் செலுத்தினாரும் கப்பல் கட்டினாரும்

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலில் தேர் ஓடும் நாளன்று, திரண்டு நிற்கும் மக்களின் கண்கள் முதற்கண் வடத்தின் தலைப்பை நோக்கியே செல்கின்றன. பிரெஞ்சு ஆட்சி நடந்த நாட்களில் கவர்னர் வந்து அவ்வடத்தைத் தொட்டு இழுத்தார். அவ்வழக்கம் மாறாமல் இந்நாளில் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கின்றார். இதிற் பிழையொன்றும் இல்லை. ஆயினும், அத்தேரின் அச்சையும் ஆழியையும் செப்பமுறச் செய்து பொருத்திய தச்சர் யாவர், உருளும் சக்கரத்தின் அருகே உயிரைப் பொருட்படுத்தாது நின்று முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புவார் யாவர் என்று பெயர் கேட்டறிந்தார் மிகச் சிலரே. ஊர்த்தேருக்கு நேர்வதே நாட்டின் கப்பலுக்கும் நேர்கின்றது. போரிலே கப்பல் செலுத்தினார்க்குப் பதக்கமும் பாராட்டும் உண்டு. கப்பல் கட்டினார்க்கு அவை அரிது. இவ்விரு தொழிலும் ஒருவர் வாழ்விலேயே அடுத்தடுத்து அமைந்த ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டு, இவ்வழக்கம் நேரியதுதானா என்பதை நம் கலாசாலை அன்பர்கள்முன் வைத்து ஆராய விரும்புகின்றோம்.

அவ்வரலாறு வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் அவர்களுடையது. அவர் 1919ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் நாகர்கோவிலிற் பிறந்தார். அக்காலத்தில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சார்ந்தது. நம் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தன. ஆகவே, அவர் ஊரும் நம் ஊர்களும் சென்னை மாகாணத்தின் எல்லைக்குப் புறத்தே கிடந்த தமிழ் நிலங்களாம். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் நம் வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். அவருள் 170 பேர் இந்தியாவோடு இணைவதே தக்கது என்று தீர்ப்பளித்தனர். அதன்பின் இந்தியக் கடற்படையின் காவல் நமக்கும் உரியதாயிற்று. நம் கரையைக் காக்கும் பொறுப்பில் ஒரு காலத்தில் தலைமை வகித்த தமிழர் ஒருவரின் வரலாறு நம் மாணாக்கருக்குத் தெரியாதிருத்தல் குறையென்றே கருதுகின்றோம்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது கிருஷ்ணன் அரச இந்தியக் கடற்படையில் இளம் அதிகாரி. 1941ஆம் ஆண்டில் பாரசீக வளைகுடாவில் ஆற்றிய பணியிற் காட்டிய துணிவுக்காக அவருக்கு டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் கிராஸ் என்னும் பதக்கம் வழங்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு. நம் கலாசாலையிற் பட்டம் பெற்று வெளியேறும் வாலிபர்களின் வயதே ஆகும். ஆங்கிலேயர் நடத்திய படையில், ஆங்கிலேய அதிகாரிகள் மலிந்திருந்த காலத்தில், இந்திய அதிகாரிகள் மிகச் சிலராக இருந்த நிலையில் பெற்ற சிறப்பு அது. நாடு விடுதலை பெற்றபின் அவர் படிப்படியாக உயர்ந்தார். இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலாகிய விக்ராந்தின் தலைமையையும் 1960களில் ஏற்று நடத்தினார். 1971ஆம் ஆண்டில் விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவரானார். வங்காளவிரிகுடா முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது.

அவ்வாண்டின் இறுதியில் நிகழ்ந்த போரைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர், அவர்தாமும் எழுதியுள்ளார். அதனை விரிப்பது எம் நோக்கமன்று. எம் கருத்துக்கு வேண்டிய பகுதியை மட்டும் கூறுவோம்.

கிழக்குப் பிரிவின் பெருந்துணை விக்ராந்த் கப்பல். ஆனால், அதன் கொதிகலன் நோயுற்றிருந்தது. 1970ஆம் ஆண்டிற் பம்பாயிலே அதனைச் சோதித்தபோது, கொதிகலனின் நீர் உருளைகளில் வெடிப்புகள் காணப்பட்டன. அவ்வெடிப்புகளைப் பற்றவைத்துச் சீராக்க இயலவில்லை. மாற்று உருளைகள் இந்நாட்டில் கிடைப்பன அல்ல. ஆதலின், இங்கிலாந்திலிருந்து வரவழைக்க ஏற்பாடாயிற்று. அவை வருவதற்கு முன்னரே போர்மேகம் சூழ்ந்துகொண்டது. செய்வது யாது? கொதிகலனின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு, ஓடவல்ல வேகத்தைத் துறந்து, மெல்ல ஓடும் கப்பலாகவே விக்ராந்தைப் போருக்கு அனுப்ப நேர்ந்தது. விமானங்கள் விரைந்து எழும்புதற்குக் கப்பலின் வேகமும் ஒரு துணை என்பதைப் பௌதிகம் கற்ற மாணாக்கர் அறிவர். ஆகவே, அக்குறை சிறு குறையன்று.

இந்நிலையில், விக்ராந்தைத் தேடி அழிப்பதற்காகப் பாகிஸ்தானின் காஸி என்னும் நீர்மூழ்கிக் கப்பல் வங்காளவிரிகுடாவிற் புகுந்தது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கத்துக்கு அனுப்பி மறைத்துவைத்தார். ராஜ்புத் என்னும் பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்து போலக் கம்பியில்லாத் தந்திச் செய்திகள் அனுப்பச் செய்தார். விசாகப்பட்டினத்துச் சந்தையில் பெருங்கப்பலுக்கு வேண்டும் அளவில் உணவுப்பொருள்களுக்கு ஏற்பாடு செய்து, ஒற்றர் செவிக்கு எட்டும்படி விட்டார். பகைவர் விக்ராந்து விசாகப்பட்டினத்திலேயே உளது என்று நம்பினர். டிசம்பர் 3ஆம் நாள் இரவு கழிந்து 4ஆம் நாள் தோன்றுமுன் காஸி அத்துறைமுகத்தின் வாயிலில் மூழ்கிற்று. ராஜ்புத் வீசிய வெடிகுண்டுகளால் மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. தன்னிடம் இருந்த வெடிப்பொருள் வெடித்து மூழ்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. காரணம் எதுவாயினும், அதில் இருந்த தொண்ணூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள் அனைவரும் மாண்டனர். பகைவரேனும் அவரும் தாய்மார் பெற்ற மக்களே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அதே 4ஆம் நாள் விக்ராந்திலிருந்து எழுந்த விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங் துறைமுகத்தையும் தாக்கின. கடல்வழி அடைபட்டது. டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவிலே சரணாகதிப் பத்திரம் கையெழுத்தாயிற்று; கிருஷ்ணன் அவ்விடத்தில் உடனிருந்தார். கீழ்த்திசைக் கடலில் நிகழ்ந்த அப்போர் ஏறத்தாழப் பதின்மூன்று நாட்களில் முடிந்துவிட்டது.

இங்கே நம் அன்பர்கள் சற்று நின்று ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மேற்கூறிய மூன்று கப்பல்களும் எங்கே பிறந்தவை? விக்ராந்து இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையிலே 1943ஆம் ஆண்டில் ஹெர்குலிஸ் என்னும் பெயரோடு கட்டத் தொடங்கப்பட்டது. போர் முடிந்தபின் முற்றுப்பெறாமற் கிடந்த அதனை 1957ஆம் ஆண்டில் இந்தியா விலைக்கு வாங்கி, பெல்பாஸ்ட் நகரிலே முடித்து, 1961ஆம் ஆண்டிற் படையிற் சேர்த்தது. ராஜ்புத் ஸ்காத்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையிலே 1942ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட ஆங்கிலக் கப்பல். காஸியோ அமெரிக்காவிற் கட்டப்பட்டு, டியாப்லோ என்னும் பெயரோடு 1944ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டது. வங்காளவிரிகுடா நம்முடையது; போரிட்டோர் இந்நிலத்து மக்கள்; மாண்டோரும் இந்நிலத்து மக்கள். கப்பல்கள் மட்டும் அயலார் செய்து, அயலார் பயன்படுத்தி, அல்லது வேண்டாவென்று விட்டவை. அவற்றின் ஓர் உருளை வெடித்தால் அதற்கு மாற்று உருளையும் அயலாரிடமிருந்தே வரல் வேண்டும். வீரம் நம்முடையதாயிருந்தும், அவ்வீரம் ஏறிச்செல்லும் ஊர்தி நம்முடையதன்று.

இவ்வுண்மையை நூல் கற்று அறிந்தவர் அல்லர் கிருஷ்ணன். நோயுற்ற கொதிகலனோடு ஒரு கப்பலைப் போர்முனைக்கு அனுப்பும் பொறுப்பைத் தாமே தாங்கி அறிந்தவர். ஆதலால், கடற்படைப் பணிக்குப்பின் அவர் கொச்சிக் கப்பல் கட்டுந் தளத்தின் தலைவராகவும் நிர்வாக இயக்குநராகவும் பொறுப்பேற்றமை எமக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகின்றது. அவர் உள்ளத்துள் யாம் புகுந்து பார்த்ததில்லை. அவர் வாழ்வின் இவ்விரு பகுதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எமக்குப் புலனாவதையே கூறுகின்றோம்.

அவர் தலைமை தாங்கிய காலம் அத்தளத்தின் தொடக்க காலம். 1972ஆம் ஆண்டிலேதான் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானிய மித்சுபிஷி நிறுவனத்தின் துணைகொண்டு அது அமைக்கப்பட்டது. கப்பல் கட்டுந் தளம் என்றவுடன் நம்மிற் பலர் பெரிய மரப்பட்டறை ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்வர். அஃது அவ்வளவினதன்று. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி, கடலுக்கும் தனக்கும் இடையே வலிய கதவிட்டு அடைத்த நீண்ட பெருந்தொட்டி ஒன்று நடுவில் இருக்கும். எஃகுத் தகடுகளை வரைபடத்தின்படி அறுத்து, வளைத்து, பற்றவைத்து, வீடளவான பெரும் பகுதிகளாக ஆக்கி, பாரந்தூக்கிகளால் தூக்கி அத்தொட்டியினுள் இறக்கி, ஒன்றோடொன்று இணைப்பர். உருவம் நிறைந்தபின் கடல்நீரை உள்ளே விடுவர். கப்பல் தானே மிதந்தெழும். அதன்பின் கதவு நீங்கும். இவ்வேலையில் ஒரு பற்றவைப்பிலே நூலளவு குறை இருப்பினும், நடுக்கடலில் அலை அதனைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். ஆகவே, ஆயிரக்கணக்கான கைகள், ஒன்றின் வேலையை மற்றொன்று நம்பி, ஆண்டுக்கணக்கில் உழைத்தல் வேண்டும்.

போரின் தலைமைக்கும் இத்தலைமைக்கும் உள்ள வேற்றுமையை நினைத்துப் பாருங்கள். போரிலே ஆணை பிறந்தவுடன் கீழ்ப்படிதல் உண்டு. பட்டறையிலே தொழிலாளர் சங்கமும், பொருள் விலையும், வெளிநாட்டிலிருந்து வாராத உதிரிப்பொருளும், மழைக்காலமும் ஆகிய இவையனைத்தையும் இணக்கிக்கொண்டு நடத்தல் வேண்டும். போரிலே முடிவு நாட்களில் தெரியும். இங்கே ஆண்டுகளில் தெரியும். கொச்சித் தளத்தின் முதற் கப்பலாகிய ராணி பத்மினியின் வேலை 1976ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஏறத்தாழ 75,000 டன் பாரம் சுமக்கும் அக்கப்பல் 1981ஆம் ஆண்டிலேதான் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பதின்மூன்று நாளிற் பெற்ற வெற்றியைச் சிறுவரும் அறிவர். ஐந்தாண்டில் எய்திய இவ்வெற்றியைக் கற்றாரும் அறிந்திலர். அதனை ஒருவர் செயல் என்று யாம் கூறவரவில்லை. பல தலைவரும் பல்லாயிரம் தொழிலாளரும் கூடிச் செய்தது அது. முதற் கப்பல் கடல் புகுந்த சில மாதங்களில், 1982ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், கிருஷ்ணன் காலமானார்.

தமிழருக்குக் கப்பல் புதிதன்று என்று மேடைகளில் முழங்குவது நம் வழக்கம். அது மெய்யே. இராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025ஆம் ஆண்டளவிற் கடாரம் சென்றதை வரலாறு கூறும். நம் புதுவையில் துய்ப்ளேக்சின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை தம் பெயர் விளங்க ஆனந்தப் புரவி என்னும் கப்பலை வைத்து வாணிகம் செய்தார். 1906ஆம் ஆண்டிலே வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனி கண்டார். ஆயினும், இந்த இறுதி எடுத்துக்காட்டை ஊன்றி நோக்குவோம். அக்கம்பெனி ஓட்டிய காலியா, லாவோ என்னும் நீராவிக் கப்பல்கள் வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டவை. பாய்மரக் காலத்தில் நம் தச்சர்க்கு இருந்த வல்லமை, எஃகும் நீராவியும் வந்த காலத்தில் கைநழுவிப் போயிற்று. தியாகம் செய்யத் துணிந்த தலைவர் கிடைத்தும், கப்பல் செய்யத் தெரிந்த பட்டறை கிடைக்கவில்லை. 1941ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்த் விசாகப்பட்டினத்திலே கப்பல் தளத்துக்கு அடிக்கல் நாட்டுவித்து, 1948ஆம் ஆண்டில் ஜல உஷா என்னும் கப்பல் அங்கே நீரில் இறங்கிய பின்னரே, விடுதலை பெற்ற இந்தியாவில் அக்கலை மீண்டும் தளிர்க்கத் தொடங்கிற்று. பழம்பெருமை கூறுவதால் மட்டும் ஒரு தகடேனும் இணையாது என்பதற்கு இவ்வரலாறே போதும்.

இனி, விதைத்தது விளைந்ததா என்று கேட்பார்க்குக் கொச்சியே விடை கூறும். 2009ஆம் ஆண்டில் அத்தளத்திலே விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் அடிமரம் இடப்பட்டது. 262 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் 2013ஆம் ஆண்டில் நீரில் மிதந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் கடற்படையிற் சேர்ந்தது. அதற்கு இட்ட பெயரும் விக்ராந்து என்பதே. பழைய விக்ராந்து 1997ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுப் பின்னர் உடைக்கப்பட்டுவிட்டது. அதனைத் தாங்கிப் போர் நடத்தியவர் ஒரு காலத்தில் தலைமை வகித்த அதே தளத்திலே, அதன் பெயர் பூண்ட புதிய கப்பல், நாகர்கோவிலிலிருந்து தொலைவில்லாத ஊரிலே பிறந்தது. அவர் அதனைக் காணவில்லை. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இக்கப்பலுக்கு வேண்டிய சிறப்பு எஃகை முதலில் ருஷியாவிலிருந்து பெறுவதாக எண்ணியிருந்தனர். அது உரிய காலத்தில் வாராமையால், இந்நாட்டு ஆராய்ச்சியாளரும் எஃகு ஆலையாரும் கூடி அவ்வெஃகைத் தாமே ஆக்கினர். 1970ஆம் ஆண்டில் ஓர் உருளைக்காக இங்கிலாந்தை நோக்கிக் காத்திருந்த நிலைக்கும் இதற்கும் உள்ள தூரம் சிறிதன்று. ஆயினும், உண்மையை மறைத்தல் ஆகாது. இக்கப்பலின் பொருளில் ஏறத்தாழ 76 விழுக்காடு உள்நாட்டினது என்பர். அதனைச் செலுத்தும் விசைப்பொறிகள் அமெரிக்க அமைப்பின. அதில் முதலிற் பணிக்கு வைக்கப்பட்ட போர் விமானங்கள் ருஷிய நாட்டவை. உலகில் ஆண்டுதோறும் கட்டப்படும் வணிகக் கப்பல்களிலோ நம் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சீனம், தென்கொரியா, ஜப்பான் என்னும் மூன்று நாடுகளே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கட்டுகின்றன. வழி பாதியும் கடந்திலோம்.

எம் கருத்துக்கு மறுப்புக் கூறுவாரும் உளர். அயல்நாட்டிலே விரைவாகவும் நயமாகவும் கிடைக்கும் கப்பலை, பதின்மூன்று ஆண்டு உழைத்து ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் செலவிட்டுச் செய்வானேன் என்பது அவர் வினா. கணக்கு நோக்கில் அவ்வினா தக்கதே. ஆனால், விலைக்கு வாங்கிய கப்பலோடு அதனைச் செய்யும் அறிவு வருவதில்லை. அக்கப்பலுக்காக நூற்றுக்கு மேற்பட்ட சிறு தொழிற்சாலைகள் வால்வும் கம்பியும் குழாயும் செய்து கொடுத்தன என்று சர்க்கார் அறிவித்துள்ளது. அங்கே கற்ற கைகள் அக்கப்பலோடு முடிந்துபோவன அல்ல. நாளை வணிகக் கப்பலும் மீன்பிடி கப்பலும் செய்யும். பாகூர் ஏரியின் மதகு பழுதானால் சீராக்குவாரை நம் ஊரிலேயே வைத்திருக்கின்றோம். நெல் காயும்போது வெளியூர் ஆளுக்கு ஓலை விடுத்துக் காத்திருப்பதில்லை. நாட்டுக்கும் அந்நியாயமே பொருந்தும்.

நெற்களஞ்சியமாகிய பாகூரார்க்கும் வில்லியனூரார்க்கும் கப்பற் கவலை எதற்கு என்று கேட்பாரும் உண்டு. நம் வயலுக்கு இடும் உரமும் நம் வண்டிக்கு இடும் எண்ணெயும் பெரும்பாலும் கடல் கடந்தே வருகின்றன. பாகூர்க் கொம்யூனின் கீழெல்லையோ கடலேயாகும். மணப்பட்டும் பன்னித்திட்டும் ஆகிய ஊர்ப்பக்கங்களில் நம் உடன்பிறந்தார் நாள்தோறும் அக்கடலில் இறங்குகின்றனர். ஆகையால், இது நம் கவலையும் ஆகும்.

பெரும் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார்க்கு மற்றொரு பெரும் பதவி கிடைத்தது; இதில் என்ன புதுமை என்பது மூன்றாவது மறுப்பு. அத்தகைய நியமனங்களில் வெறும் அலங்காரமாய் முடிந்தனவும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும், கப்பலின் குறையால் நேரும் இடரைத் தம் உடலால் அறிந்த ஒருவர், கப்பல் செய்யுமிடத்துக்குத் தலைவராதல் அலங்காரமன்று. அறுவடைக் களத்தில் பதரைக் கண்டவன் விதைநெல்லைத் தெரிந்தெடுக்கச் சென்றது போன்றதாகும். பயன்படுத்துவாரும் செய்வாரும் ஒருவரையொருவர் அறியாது வாழ்வதே நம் நாட்டுத் தொழிலைப் பற்றிய பெருநோய். அந்நோய்க்கு இவ்வாழ்க்கை ஒரு மருந்தைக் காட்டுகின்றது.

இனி நம் கலாசாலையை நோக்கிச் சில சொற்கள். பாகூரிலே ஒன்பதாம் நூற்றாண்டில் வித்யாஸ்தானம் ஒன்று விளங்கிற்று. அதனைப் போற்றும் பொருட்டு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கின்றது. கல்விக்கு ஊர்களையே ஈந்த மண் இது. அத்தகைய மண்ணிலே, கல்வி என்றால் ஏட்டுக் கல்வி ஒன்றே என்றும், கையால் செய்யும் தொழில் கல்வியின் தோல்வி என்றும் ஓர் எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. பட்டம் பெற்ற வாலிபன் சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்காக ஐந்தாறு ஆண்டு வீட்டிற் காத்திருந்தால் அதனைக் குடும்பம் பொறுத்துக்கொள்கின்றது. அவன் தம்பி பற்றவைக்கும் தொழில் கற்றுக் கப்பல் தளத்துக்குச் சென்றால், படிப்பு ஏறவில்லை என்று சுற்றத்தார் முணுமுணுக்கின்றனர். அவன் இணைத்த தகட்டின்மேல் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகளின் உயிர் நிற்கின்றது என்பதை எண்ணுவாரில்லை. கடற்படைத் தலைவர் ஒருவர் தம் பதக்கங்களோடு அப்பட்டறையின் தலைமையை ஏற்க நாணவில்லை. நாம் மட்டும் அப்பட்டறைக்கு நம் பிள்ளைகளை அனுப்ப நாணுவது எதனால்?

ஆகவே, மூன்று செயல்களை நம் கலாசாலைத் தலைவர்களும் பழைய மாணவர்களும் மேற்கொள்ளலாம் என்று பணிவோடு தெரிவிக்கின்றோம். முதலாவது, விஞ்ஞான வகுப்பு மாணாக்கர் தம் படிப்புக் காலத்தில் ஒருமுறையேனும் கொச்சியிலோ விசாகப்பட்டினத்திலோ உள்ள தளத்தைச் சென்று காண வழிசெய்தல். உல்லாசப் பிரயாணத்துக்குச் செலவிடும் பொருளே இதற்குப் போதும். இரண்டாவது, கலாசாலை நாள் விழாவிலே பேச்சுக்கும் கட்டுரைக்கும் பரிசளிப்பது போலவே, மாணாக்கன் தன் கையாற் செய்து இயங்கிக்காட்டும் பொறிக்கும் பரிசளித்தல். அப்பரிசை இறுதியில் ஓரத்தில் வைக்காமல் முதல் வரிசையிலேயே வைத்தல். மூன்றாவது, நம் கடற்கரை ஊர்களின் முதியோரிடம் சென்று, அணியம், ஏரா, சுக்கான், பருமல் என்பன போன்று கப்பலின் உறுப்புகளுக்கும் கடலின் குணங்களுக்கும் அவர் வழங்கும் சொற்களைத் தொகுத்தல். இன்று கட்டுமரத்தின் இடத்தைப் பைபர் படகு பற்றிக்கொண்டது. அம்முதியோரோடு அச்சொற்களும் மறைந்தால், நாளை தமிழிற் கப்பற்கலை எழுத முயல்வார்க்குச் சொற்பஞ்சமே எஞ்சும். தமிழ் வகுப்பு மாணாக்கர்க்கு இதனினும் தக்க விடுமுறைப் பணி வேறில்லை.

கப்பல் செலுத்துவாரின் வீரத்தை யாம் எவ்வாற்றானும் குறைத்துக் கூறவில்லை. 1941ஆம் ஆண்டிற் பெற்ற பதக்கத்துக்குரிய துணிவும், 1971ஆம் ஆண்டின் சூழ்ச்சித் திறனும் போற்றத் தக்கனவே. ஆனால், போர் என்பது நாட்டுக்கு நேரும் இடர். கட்டுதல் நாட்டின் நாள்தோறும் நிகழும் வாழ்வு. முன்னதற்கு வேண்டிய வீரர் மிகச் சிலர். பின்னதற்கு வேண்டியவர் எண்ணிலர். அவ்வெண்ணிலருள் வில்லியனூர்ப் பிள்ளைகளும் பாகூர்ப் பிள்ளைகளும் சிலராவது இருத்தல் வேண்டும். அவர் திரும்பி ஊருக்கு வரும்போது, எந்த அலுவலகத்தில் வேலை என்று கேளாமல், எந்தக் கப்பலைக் கட்டினாய் தம்பி என்று கேட்கும் வழக்கம் நம் தெருக்களில் உண்டாதல் வேண்டும். அவ்வழக்கம் தோன்றுவதற்கு நம் கலாசாலை முதற் காரணமாக அமையுமாயின், அதுவே எமக்குப் பெருமகிழ்ச்சி.